விடுப்புக் கடிதத்தில் காரணம் என்று எதை எழுதுவது?

தோவாளைப்பூ:

நாகர்கோவிலில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன், வயது 34. என் இணையர் மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. ஆறு ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாழ்கிறோம். தெருவில் எங்களுக்கு ‘வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளும் தோழிகள்’ என்று பெயர். குழந்தையை நான் சுமப்பது என்று முடிவு செய்து, திருவனந்தபுரத்தில் ஐ.வி.எஃப். எனும் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் பதிவு செய்திருக்கிறோம். உள்ளூரில் ஏன் பார்க்கவில்லை என்று இந்த ஊர்க்காரர்கள் கேட்க மாட்டார்கள்: வடசேரியில் மருந்துச் சீட்டை நீட்டினால், மருந்து கைக்கு வருமுன் செய்தி வீட்டுக்குப் போய்விடும்.

எங்கள் அலுவலகத்தில் பதினான்கு பேர். சென்ற மாதம் முதற்கட்டப் பரிசோதனைக்காக அரைநாள் விடுப்பு கேட்டபோது, “பெண் பார்க்க வருகிறார்களா?” என்று முதலாளி சிரித்தபடி கேட்டார், நானும் மறுக்காமல் சிரித்துவைத்தேன். மறுநாள் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று இருவர் விசாரித்தார்கள். ஊசி தொடங்கிவிட்டால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்கேனுக்குப் போக வேண்டும் என்கிறார்கள். பொய்யும் சொல்லாமல், எங்களைப் பற்றியும் சொல்லாமல் இதை எப்படிக் கடப்பது? கருத்தரித்தால், மணமாகாத எனக்கு மகப்பேறு விடுப்பு உண்டா?

வேளிமலை:

தங்கச்சி, நானும் என் இணையரும் இந்த வழியில் நடந்தவர்கள்தான். உங்களிடம் இருப்பது ஒரு ரகசியம் அல்ல, இரண்டு. சிகிச்சை ஒன்று, உறவு மற்றொன்று. இரண்டையும் ஒரே பூட்டுப் போட்டு வைத்திருப்பதால்தான், அரைநாள் விடுப்புக்குக்கூட வாழ்க்கை முழுவதையும் விளக்க வேண்டியிருப்பதுபோல் உங்களுக்குப் பதறுகிறது. “மகளிர் நோய் மருத்துவரிடம் ஒரு சிகிச்சை நடக்கிறது, சில நாள் காலையில் தாமதமாகும்” என்பது முழு உண்மை. அதற்கு மேல் கேட்க அந்த முதலாளிக்கே கூச்சமாக இருக்கும். நான் தைராய்டு என்று சொல்லி மாட்டிக்கொண்டவள். உடன் வேலை செய்த அக்கா ஒருவர் வாரந்தோறும் ‘அளவு எவ்வளவு வந்தது?’ என்று கேட்டு, முட்டைக்கோஸ் சாப்பிடாதே என்று என் சாப்பாட்டு டப்பாவையே திறந்து பார்ப்பார்.

பல ஊசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். நான் செய்தித்தாளில் சுற்றி அலுவலகக் குளிர்பதனப் பெட்டியில் மோர்ப் பாட்டிலுக்குப் பின்னால் வைத்தேன். மோருக்குக் கை நீட்டியவர் பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்துவிட்டார். வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் நேரமாக மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். கருமுட்டை முதிர்வதற்கான கடைசி ஊசிக்கு மட்டும் நேரம் பிசகக் கூடாது: ஞாயிறு இரவு ஒன்பதரைக்குப் போட்டால், ஏறத்தாழ 36 மணி நேரம் கழித்து, செவ்வாய் காலை ஒன்பதரை வாக்கில் முட்டை எடுப்பார்கள். எந்தக் கிழமை என்பது சில நாள் முன்புதான் தெரியும். வரித் தணிக்கை அறிக்கைக்கு வழக்கமான கடைசி நாள் செப்டம்பர் 30 என்பது எனக்குச் சொல்லியா தர வேண்டும்? அந்த மாதத்தைத் தவிர்த்து விடுங்கள்.

குழித்துறை:

சட்டத்தைப் பொறுத்தவரை, 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் திருமணமான தம்பதியரைத் தவிர, 21 வயதுக்கு மேல் 50 வயதுக்குள் உள்ள தனிப் பெண்ணையும் அனுமதிக்கிறது. ஆகவே உங்கள் சிகிச்சை உங்கள் ஒருவர் பெயரில்தான் நடக்கும். தன்பால் இணையராக விண்ணப்பிக்க இடமில்லை. விந்தணு பதிவு பெற்ற வங்கியிலிருந்துதான் வர வேண்டும்; கொடையாளி யார் என்று சொல்ல மாட்டார்கள். சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காப்பது மருத்துவமனையின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது.

மகப்பேறு விடுப்புக்குத் திருமணம் ஒரு நிபந்தனையே அல்ல. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் பணியாற்றியிருந்தால், முதற்குழந்தைக்கு 26 வாரம் ஊதியத்துடன் கிடைக்கும். கரு கலைந்தால் ஆறு வாரம் உண்டு. இதைச் சொல்லச் சங்கடமாக இருந்தாலும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். மணமாகாத தாய் தந்தையின் பெயரை வெளியிடாமலே குழந்தைக்குப் பாதுகாவலராகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்ததால், பிறப்புச் சான்றிதழைப் பற்றியும் அஞ்ச வேண்டாம்.

எனக்குக் கவலை தருவது உங்கள் இணையரின் நிலைதான். 2023 அக்டோபர் 17ஆம் நாள் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தன்பால் திருமண உரிமையை ஏற்கவில்லை. சட்டத்தின் கண்ணில் அவருக்கும் குழந்தைக்கும் எந்த உறவும் இல்லை. குடும்பம் என்பது திருமணத்தால் மட்டுமே அமைவதல்ல என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது ஆறுதல்தான், ஆனால் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் அவர் கையெழுத்து செல்லுபடியாக அது போதாது. பிரசவத்துக்கு முன்பே வழக்கறிஞரைப் பார்த்து உயில் எழுதி வையுங்கள்.

சுங்கான்கடை:

நான் செவிலியர். மருத்துவச் சான்றிதழில் எந்த வார்த்தை இருக்கிறது என்பதைவிட, அது எந்தத் தாளில் இருக்கிறது என்பதுதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ‘கருத்தரிப்பு மையம்’ என்று தலைப்பில் பெரிதாக அச்சிட்டிருந்தால், உள்ளே என்ன எழுதியும் பயனில்லை. ‘மகளிர் நோய்ப் பிரிவில் சிறு அறுவை சிகிச்சை, இரண்டு நாள் ஓய்வு’ என்று பொதுவான தாளில் தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். அது பொய்யும் அல்ல.

ஆனால் சிகிச்சை என்று மட்டும் சொன்னால் போதும் என்று வேளிமலை அக்கா சொன்னதில் ஒன்றை மட்டும் மாற்றுவேன். முட்டை எடுத்த பின் சிலருக்கு வயிறு வீங்கி, மூச்சு வாங்கி, அவசரமாக மருத்துவமனைக்குப் போக நேரும். அந்த நேரத்தில் அலுவலகத்திலிருந்து யாரை அழைப்பது என்று ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். உறவை விளக்க வேண்டாம். அவசரத் தொடர்பு எண்ணாக இணையரின் எண்ணைக் கொடுத்து வையுங்கள்.

தோவாளைப்பூ:

அனைவருக்கும் நன்றி. இன்று முதலாளியிடம், பெண் பார்க்க யாரும் வரவில்லை என்றும், ஒரு சிகிச்சை நடக்கிறது என்றும் சொன்னேன். “உடம்பைப் பார்த்துக்கொள்” என்றவர், வருகைப் பதிவேட்டில் எனக்குக் காலை பதினொரு மணி வரை சலுகை என்று எழுதச் சொன்னார். அவசர எண் படிவத்தில் ‘உறவுமுறை’ என்ற கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. ‘வீட்டில் உடன் இருப்பவர்’ என்று எழுதலாமா என்று இரவு அவளிடம் கேட்க வேண்டும்.