விளையாட்டுக்குச் சொன்ன வார்த்தை வாயோடு ஒட்டிக்கொண்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

தூறல்:
இரண்டு வருடமாக உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன். 'வேற லெவல்' என்பதை நானும் பக்கத்து சீட் தோழியும் கிண்டலுக்குத்தான் பிடித்தோம். எங்கள் மேலாளர் எக்செல் ஷீட்டைப் பார்த்தாலும் வேற லெவல், லிஃப்ட் சீக்கிரம் வந்தாலும் வேற லெவல் என்பார். அவர் மாதிரியே இழுத்துச் சொல்லிச் சிரிப்போம். அந்த இழுவை எப்போது போய் வார்த்தை மட்டும் எங்களிடம் தங்கியது என்று தெரியவில்லை. அப்புறம் அப்பாவுக்கு பைபாஸ். ஐந்து மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, "நல்லபடியா முடிஞ்சது, பயப்படாதீங்க" என்றார். கையெடுத்துக் கும்பிட்டேன், வாயில் வந்ததோ "வேற லெவல் டாக்டர்". ஒரு நொடி என்னைப் பார்த்தார், தலையசைத்தார், போய்விட்டார். அவர் மூக்கின் மேல் பதிந்திருந்த சிவப்புத் தடம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நன்றி என்கிற சொல் அந்த நேரத்தில் எங்கே போனது?

அரைத்தூக்கம்:
எனக்கு 'மொக்கை'. ஆறு வயது மகனிடம் என் அம்மா "பென்சில் மொக்கையா இருக்கு, கொடு சீவித் தரேன்" என்றார். அவன் பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பென்சில் என்ன பாட்டி ஜோக் சொல்லுச்சு?" என்று கேட்டான். அந்தச் சொல்லை அவன் கேட்டதெல்லாம் என் வாயிலிருந்துதான். கூர் மழுங்கியது என்கிற அர்த்தம் அவனிடம் போய்ச் சேரவே இல்லை. அம்மா சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல சொல்லை நாமே கெடுத்துவிட்டோம்.

ஏட்டுச்சுரை:
கெடுத்துவிட்டோம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பேசியே கொல்பவரை முன்பு அறுவை என்றோம், ரம்பம் என்றோம், பிளேடு என்றோம். அறுக்கிற சாமான் எல்லாம் வந்து போனபின் அறுக்கவே அறுக்காத மழுங்கல் கத்தி வந்து நிற்கிறது, எவ்வளவு அழகான கற்பனை! ஓகே கூட இப்படி வந்ததுதான். 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே 'ஓல் கொரெக்ட்' என்று தப்பாக எழுதி, அதையும் சுருக்கிய பத்திரிகைக்காரர்களின் வேடிக்கை, 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் மார்னிங் போஸ்டில் அச்சானது. இன்று அது இல்லாமல் போன் பேச முடியுமா? என் அனுபவம் சின்னதுதான். காலமெல்லாம் தமிழாசிரியராக இருந்த என் மாமனார் ஒருநாள் "என்னைக் கலாய்க்கிறீங்களா மாப்பிள்ளை?" என்றார். அவர் வாயிலா என்று அதிர்ந்துபோய், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைப் புரட்டினேன். கலாய்த்தல் அதில் இருக்கிறது, சண்டையிடுதல் என்ற பொருளில்.

அரைத்தூக்கம்:
இரண்டு அர்த்தமும் தெரிந்தவருக்குத்தான் அது கற்பனை. என் மகனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

நாலாம்படி:
நேர்முகத் தேர்வில் எனக்கு "செம சார்" வந்துவிட்டது. எதிரில் இருந்தவர் பேனாவை மூடி வைத்தார், அவ்வளவுதான். தூறல், அந்த டாக்டருக்குக் கையால் ஒரு கடிதம் எழுதுங்கள், நீளமாக வேண்டாம், அப்பா இப்போது எப்படி நடக்கிறார் என்று நாலு வரி போதும். அப்புறம் ஒரு வாரம் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்து பாருங்கள். நாக்கு நுனிக்கு வரும்போது நிறுத்தி, எது பிடித்தது என்பதையே சொல்லிப் பழகுங்கள். படம் செம என்பதற்குப் பதில் கடைசிக் காட்சியில் அழுதுவிட்டேன் என்று சொல்லலாம் இல்லையா? தோழியையும் சேர்த்துக்கொண்டால் ஒருவருக்கு மறந்தாலும் மற்றவர் பிடித்துவிடுவார். முதல் இரண்டு நாள் பேச்சே வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூறல்:
கடிதம் எழுத அவர் இப்போது அந்த மருத்துவமனையில் இல்லை. நேற்று அப்பாவிடம் சொன்னேன். "நீதான் கும்பிட்டியேம்மா, அதைப் பார்த்திருப்பார்" என்றார். ஆனால் அவர் என் முகத்தைத்தான் பார்த்தார், கையைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.