அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் இரண்டு வாரப் பில்களைக் காணவில்லை (விபி6 நிரல், விண்டோஸ் 11)

கேள்வி:
வணக்கம். எங்கள் ஜவுளிக் கடையின் பில் கணக்கு, 2004-இல் விபி6-இல் (விஷுவல் பேசிக் 6 என்ற பழைய நிரல் மொழி) எழுதிக் கொடுத்த நிரலில்தான் இன்றும் நடக்கிறது. தரவு முழுவதும் ஒரே அக்சஸ் (மைக்ரோசாஃப்டின் தரவுத்தளம்) கோப்பில் இருக்கிறது. பழைய விண்டோஸ் 7 கணினி பழுதானதால், அந்த ஃபோல்டரை அப்படியே விண்டோஸ் 11 கணினியின் ‘புரோகிராம் ஃபைல்ஸ் (எக்ஸ்86)’ உள்ளே காப்பி செய்தேன். இரண்டு வாரம் ஒரு தடங்கலும் இல்லை. மாதக் கடைசியில் ரிப்போர்ட் எடுக்கப் போனபோது ‘ரன்டைம் எரர் 339’ வந்து, ஃப்ளெக்ஸ்கிரிட் ஓசிஎக்ஸ் (அட்டவணை காட்ட நிரல் பயன்படுத்தும் துணைக் கோப்பு) விண்டோஸில் பதிவாகவில்லை என்றது. தெரிந்தவர் ஒருவர் சொன்னபடி ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்தேன். பிழை நீங்கியது, ஆனால் புதிய கணினியில் போட்ட பில் ஒன்றுகூட இல்லை. கடைசிப் பில் எண் 4182 என்று காட்டுகிறது. நேற்று இரவு என் கையால் கிழித்துக் கொடுத்த பில்லின் எண் 4497. அவை அழிந்துவிட்டனவா?

பதில் 1:
அழியவில்லை, கவலைப்படாதீர்கள். ஆனால் இந்த நிமிடமே பில் போடுவதை நிறுத்துங்கள். எதையும் அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள்.

விண்டோஸ் விஸ்டா முதல், சாதாரணப் பயனர் உரிமையில் ஓடும் நிரல் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ உள்ளே எழுத முடியாது. உங்களுடையதைப் போன்ற பழைய 32-பிட் நிரல் எழுத முயன்றால், விண்டோஸ் பிழை காட்டாமல், அந்தக் கோப்பின் நகல் ஒன்றைப் பயனரின் சொந்த இடத்தில் உண்டாக்கி, அன்றிலிருந்து எழுதுவதையும் படிப்பதையும் அந்த நகலுக்கே திருப்பிவிடும். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கும்போது இந்தத் திருப்பல் கிடையாது. அதனால் நிரல் மூலக் கோப்பைப் பார்க்கிறது, அது 4182-இலேயே நிற்கிறது.

நிரலை மூடிவிட்டு, சி டிரைவில் யூசர்ஸ், உங்கள் பயனர் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் என்று போய்ப் பாருங்கள், அந்த நகல் அதற்குள்தான் இருக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும், வியூ மெனுவில் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ கொடுத்தால் தெரியும். மூலக் கோப்பு, நகல் இரண்டையும் முதலில் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். பிறகு நிரல் ஃபோல்டரைச் சி டிரைவில் நேரடியாக ஒரு புது ஃபோல்டருக்கு மாற்றி, விர்ச்சுவல்ஸ்டோரில் உள்ள கோப்பை அதனுள் வையுங்கள். தரவுக் கோப்பின் பாதை நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால் இது பலிக்காது. அப்போது பழைய ஃபோல்டருக்கே ‘மாடிஃபை’ (மாற்றி எழுதும்) அனுமதி கொடுத்து, கோப்பை அங்கே வைக்க வேண்டியிருக்கும்.

பதில் 2:
339 பிழைக்கும் ஒரு வார்த்தை. ஓசிஎக்ஸைப் பதிவு செய்ய அட்மின் உரிமை ஒருமுறை போதும்; நிரலைத் தினமும் அப்படித் திறப்பது தவறான பழக்கம். ஓசிஎக்ஸ் கோப்பைச் ‘சிஸ்டம்32’-இல் போடாதீர்கள். பெயர் குழப்பினாலும், 64-பிட் விண்டோஸில் அது 64-பிட் கோப்புகளுக்கான இடம்; 32-பிட் கோப்புகளுக்கு உரியது ‘சிஸ்வாவ்64’. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அந்த ஃபோல்டரில் உள்ள ரெக்எஸ்விஆர்32 என்ற பதிவுக் கருவி மூலமாகவே பதிவு செய்யுங்கள்.

கேட்டவர்:
கோப்பு விர்ச்சுவல்ஸ்டோரில் நேற்றைய தேதியுடன் அப்படியே இருந்தது. புது ஃபோல்டருக்கு மாற்றித் திறந்தேன், 4497 வந்தது. இன்று காலை அட்மின் முறையில் போட்ட ஆறு பில்கள் மூலக் கோப்பில் 4183 முதல் பதிவாகியிருந்தன. கடையில் வைத்திருந்த பில் நகல்களைப் பார்த்து அவற்றை 4498-இலிருந்து மறுபடி ஏற்றினேன். ஓசிஎக்ஸைப் பதிவு செய்தபின் ரிப்போர்ட்டும் சாதாரணமாகவே திறக்கிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.