குப்பைக்காற்று உடம்பை உரமேற்றுமா?

தண்டையார்பேட்டைவாசி: வடசென்னைப் பிள்ளைகளுக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகையில் வளர்ந்தவனைச் சளி என்ன செய்துவிடும்? கஷ்டப்பட்ட உடம்பு இரும்பு. வறுமைதான் நோய்க்குக் காரணம் என்பது பீடிக்கும் குடிக்கும் சொல்லும் சாக்கு.

காசிமேட்டுக்காரி: இரும்பும் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், அண்ணா. லண்டன் அரசு ஊழியர்களிடம் 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வைப் பாருங்கள். எல்லோருக்கும் நிரந்தர வேலை, இலவச மருத்துவம். அப்படியும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயரதிகாரிகளுடையதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் மாரடைப்புச் சாவில் இடைவெளி மறையவில்லை.

தண்டையார்பேட்டைவாசி: அது இதயம். நான் பேசுவது எதிர்ப்புச் சக்தி.

காசிமேட்டுக்காரி: அதற்கும் வருகிறேன். அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹன் குழு இங்கிலாந்தில் ஆரோக்கியமானவர்களின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டுவிட்டுக் கவனித்தது. 1991இல் வெளியான முடிவு: மன அழுத்தம் கூடக்கூடச் சளி பிடித்தவர்களும் கூடினார்கள். மன அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசால் அழற்சியை அடக்கும் ஹார்மோன். அது ஓயாமல் சுரந்தால் செல்கள் அதன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுகின்றன. அழற்சி அடங்குவதில்லை.

எங்கள் தெருவில் வந்து பாருங்கள். தண்டல்காரரின் பைக் சத்தம் முனையில் கேட்டதுமே என் அக்கா மீன்கூடையை மூடிவிட்டுச் சில்லறையை எண்ணத் தொடங்குவார். விற்றது பாதிகூட இருக்காது. இரவில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்க வேண்டும். இந்த உடம்பு எப்போது ஓய்கிறது?

புளியந்தோப்பு மருந்துக்கடைக்காரர்: தங்கச்சி, சேத்துப்பட்டை மறந்துவிட்டீர்கள். 1956இல் அங்கே தொடங்கிய காசநோய்ச் சோதனையில், நெரிசலான வீடுகளில் அரைவயிற்றோடு இருந்த ஏழை நோயாளிகள் வீட்டிலேயே மருந்து சாப்பிட்டு, சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகக் குணமானார்கள். மாத்திரை ஒழுங்காகக் கிடைத்தால் ஏழை உடம்பும் தேறும். கவலையைப் பெரிதாக்கி மருந்தைச் சிறிதாக்காதீர்கள்.

காசிமேட்டுக்காரி: அது வந்த நோய் தீர்வது. வராமல் தடுப்பது வேறு கணக்கு. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீட்டாருக்கு மாதாமாதம் உணவுப்பொருள் கொடுத்தார்கள். கொடுக்காத வீடுகளைவிட அங்கே புதிதாகக் காசநோய் வந்தவர்கள் ஏறத்தாழ 40 சதவீதம் குறைவு. 2023இல் வெளிவந்த முடிவு.

தண்டையார்பேட்டைவாசி: அப்படியானால் குறை சோற்றில். மன அழுத்தம் எங்கே போயிற்று? நைசாக நழுவுகிறீர்கள்.

காசிமேட்டுக்காரி: சோறு ஒன்றாக இருந்தாலும் மாறுகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஜெனி டங் குழு பெண் குரங்குகளின் கூட்டத்தில் யார் மேல், யார் கீழ் என்பதை மாற்றி அமைத்தது. தீனியும் பராமரிப்பும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. படிநிலை மாறியபோது நோயெதிர்ப்புச் செல்களில் மரபணுக்கள் செயல்படும் விதமும் மாறியது.

தண்டையார்பேட்டைவாசி: குரங்கை விடுங்கள். குப்பைமேட்டை அகற்றச் சொல்லி மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது. “மன அழுத்தம்” என்று எழுதிக்கொடுத்தால் யோகா வகுப்பு நடத்திவிட்டுக் கணக்கை முடித்துவிடுவார்கள்.

காசிமேட்டுக்காரி: அதில் எனக்கும் பயம்தான். வகுப்பைத் தண்ணீர் லாரி வரும் நேரத்தில்தான் வைப்பார்கள்.