வெய்ல் நெபுலா: ஒரே இழை, இரண்டு இடம்

அன்னம் விண்மீன் குழுவில் இருக்கும் வெய்ல் நெபுலாவைப் படம் எடுத்து முடிக்க எனக்கு மூன்று இரவுகள் ஆயின. 10,000 ஆண்டுகளுக்கும் முன்னால் வெடித்த ஒரு விண்மீனின் மிச்சம் அது. சுமார் 2,400 ஒளியாண்டு தூரத்தில் இருந்தும் முழுநிலாவைப் போல ஆறு மடங்கு அகலத்துக்கு விரிந்து கிடக்கிறது. என் கேமராவில் அவ்வளவும் அடங்காது. அதனால் 52 சிக்னி என்ற விண்மீனை ஒட்டிய மேற்குப் பகுதியை மட்டும் எடுத்தேன்.

முதல் இரவு ஹைட்ரஜன் ஆல்ஃபா, அதாவது ஹைட்ரஜன் வாயு உமிழும் சிவப்பு ஒளி. 656.3 நானோமீட்டர், அதைச் சுற்றி 3 நானோமீட்டர் அகலத்தை மட்டும் உள்ளே விடும் ஃபில்டர், ஐந்து நிமிட எக்ஸ்போஷர்கள். பாதி நிலா இருந்தும் படம் நன்றாகவே வந்தது. அந்தத் தைரியத்தில் மறுநாளும் நிலா இருக்கும்போதே ஆக்சிஜன் ஃபில்டருக்கு மாறினேன். ஆக்சிஜன் ஒளிரும் 500.7 நானோமீட்டரில் நிலா வெளிச்சம் எவ்வளவு கெடுக்கும் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். வானம் சாம்பலாக வெளுத்து, நெபுலாவின் வாயு இழைகள் அதில் மூழ்கிவிட்டன. போதாததற்கு, ஃபில்டர் மாற்றிய பிறகு ஃபோகஸைச் சரிபார்க்கவே இல்லை. விண்மீன்கள் எல்லாம் உப்பிப் போயிருந்தன. 40 ஃபிரேம்களையும் அழித்தேன். மனசு வலித்தது.

நிலா இல்லாத இரவுக்காகக் காத்திருந்தேன். ஃபோகஸ் பார்க்க உதவும் பாத்தினோவ் மாஸ்க் என்ற கீற்றுத் தட்டை முன்னால் போட்டு, விண்மீனில் தெரியும் நடுக்கோடு சரியாக எக்ஸ் குறியின் மையத்தில் வந்து நிற்கும்வரை ஃபோகஸரைத் திருகினேன். முதல் ஃபிரேம் இறங்கியதும் அதையும் பழைய ஹைட்ரஜன் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். இழை நகர்ந்தது! படங்களைச் சரியாகப் பொருத்தவில்லையோ என்று விண்மீன்களைப் பார்த்தேன். அவை அசையவில்லை. ஆக்சிஜன் இழை வெளிப்பக்கம், ஹைட்ரஜன் இழை சற்று உள்ளே.

காரணம் அந்த வெடிப்பில் கிளம்பிய அதிர்ச்சி அலைதான். அலை கடந்த உடனே வாயு கடுஞ்சூட்டில் இருக்கிறது. ஆறத் தொடங்கும்போது முதலில் ஆக்சிஜன் ஒளிர்கிறது. இன்னும் ஆறிய பிறகு, அதாவது அலைக்கு இன்னும் பின்னால், ஹைட்ரஜன் சிவக்கிறது. இதைப் படித்திருந்தேன். ஆனால் என் கேமராவில் சில பிக்சல் இடைவெளியாக அதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

அப்புறம் ஹைட்ரஜனைச் சிவப்புக்கும் ஆக்சிஜனைப் பச்சை, நீலம் இரண்டுக்கும் கொடுத்துச் சேர்த்தேன். 52 சிக்னியைச் சுற்றி விழுந்த ஒளிவட்டம் மட்டும் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆக்சிஜன் ஃபில்டரில் அதைக் குறைத்தவர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள்.