'உது', 'உங்கை' சுட்டுவது தூரத்தையா, கேட்பவரையா?

ஆய்வு மாணவி, யாழ்ப்பாணம்:
வணக்கம். எமது பேச்சுவழக்கிலுள்ள உகரச் சுட்டுப் பற்றி ஆய்வு செய்து வருகின்றேன். "அ இ உ அம்மூன்றும் சுட்டு" என்று தொல்காப்பியம் கூறினும், தமிழகப் பேச்சில் உகரம் வழக்கொழிந்துவிட்டது. எம்மிடையே 'உவன்', 'உது', 'உங்கை' என்பவை நாள்தோறும் வழங்குகின்றன. அண்மைக்கும் சேய்மைக்கும் இடைப்பட்டதைச் சுட்டுவது உகரம் என்றே படித்திருக்கிறேன். ஆனால் காதாற் கேட்பது அதற்கு இணங்கவில்லை. உங்கள் வீடுகளில் 'உது' எங்கே வரும், 'அது' எங்கே வரும் என்று எழுதி உதவுவீர்களா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், கரவெட்டி:
பிள்ளை, தொலைபேசியைக் கவனித்தால் போதும். ரொறன்ரோவிலிருக்கும் மகனிடம் "உங்கை குளிரோ?" என்றுதான் கேட்கிறேன், அவ்வூர் இடைப்பட்ட தூரத்தில் இல்லை, அவன் இருக்கும் இடம் என்பதே காரணம். அவனிடமே லண்டனிலுள்ள தங்கையைப் பற்றி விசாரித்தால் "அங்கை குளிரோ?" என்று மாறிவிடும். கடிதத்தில் மட்டும் "இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்" என்றே எழுதிப் பழகினோம். ஆகையால் பழைய கடிதக் கட்டுகளில் இதைத் தேடிக் களைத்துப்போகாதீர்.

சுன்னாகத்தவர்:
இடத்தோடு இது நிற்பதில்லை, தங்கச்சி. எதிரில் இருப்பவர் சொன்ன பேச்சையும் சுட்டும். "உதென்ன கதை?" என்று அம்மம்மா கேட்டாரென்றால், சொன்னதை அவர் ஏற்கவில்லை என்று பொருள். ஆளைக் குறிக்கையில் சற்று இளக்காரமும் ஏறிவிடும். வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவரை அவர் காதுபட 'உவர்' என்று சொல்லி, சிறுவயதில் நான் குட்டு வாங்கியிருக்கிறேன்.

மொழியியல் விரிவுரையாளர்:
சிங்களத்தில் 'ஓய' என்பதும் கேட்பவர் பக்கத்திலுள்ளதைச் சுட்டும். அதைக் கண்டதும் இது அங்கிருந்து வந்தது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். வடிவம் பழந்தமிழுக்கு உரியது. இன்றைய பொருள் கூர்மை பெற்றதில் அயல்மொழிக்குப் பங்குண்டா என்பது வேறு கேள்வி, அதுவே ஆராயத்தக்கதும்கூட. மக்களிடம் நேரடியாக வேறுபாட்டைக் கேட்டால் "இரண்டும் ஒன்றுதான்" என்பார்கள். கோப்பைகளை மேசையில் வெவ்வேறு இடங்களில் வைத்து, எடுத்துத் தரச் சொல்லவையுங்கள்.

ஆய்வு மாணவி:
அனைவருக்கும் நன்றி. அம்மாவிடமே தொடங்கினேன். என் கையருகே இருந்த கோப்பையைத் தயங்காமல் "உதை எடு" என்றார். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்ததை ஒருமுறை 'இது' என்றும் மறுமுறை 'உது' என்றும் சொன்னார்.