கல்யாணத்துக்கு ரா-வா, ஜேபெக்கா?

புதுகேமரா:
அடுத்த மாதம் சித்தி மகள் கல்யாணம். ஸ்டூடியோக்காரர் தனியாக வருகிறார், நான் என் ஆசைக்கு எடுக்கப் போகிறேன். 24 மெகாபிக்சல் கேமரா, 64 ஜிபி கார்டு ஒன்றுதான் இருக்கிறது. போன வாரம் ஒரு வளைகாப்பில் ஜேபெக்கில் (கேமராவே திருத்திச் சுருக்கித் தரும் வழக்கமான படம்) எடுத்ததில் எல்லார் முகமும் மஞ்சள் தேய்த்துக் குளித்த மாதிரி வந்துவிட்டது, லேப்டாப்பில் மஞ்சளைக் குறைத்தால் நீலம் ஏறுகிறது. ரா-வுக்கு, அதாவது கேமரா பதிந்ததைத் திருத்தாமல் அப்படியே வைக்கும் ஃபைலுக்கு மாறினால் சரியாகுமா?

இருட்டறை:
பெரும்பாலும் ஆகும். ஜேபெக்கில் வொயிட் பேலன்ஸை (எந்த வெளிச்சத்திலும் வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்வது) கேமராவே முடிவு செய்து மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடும், ஒரு நிறத்துக்கு 256 படிதான் மிஞ்சும். 14 பிட் ரா என்றால் 16,384 படி, நிறத்தை வீட்டில் உட்கார்ந்து மாற்றலாம். தாலி கட்டும்போது வீடியோ லைட்டில் வெளுத்துப்போகிற பட்டு வேட்டி மடிப்பைக்கூட ஓரளவு மீட்கலாம். சுத்தமாக எரிந்துபோனது மட்டும் எதிலும் வராது.

வேகவண்டி:
எல்லாம் சரி, யார் உட்கார்ந்து திருத்துவது? என் தம்பி கல்யாணத்து ரா ஃபைல்கள் மூன்று வருடமாக ஹார்ட் டிஸ்கில் தூங்குகின்றன, அத்தை இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனமே 2015இல் ஃப்ரீலான்சர்களிடம் ரா-விலிருந்து செய்த படம் வேண்டாம், கேமராவில் வந்த ஜேபெக்கையே அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டது. கெட்டிமேளம் கொட்டும்போது ரா-வில் படபடவென்று அடித்தால் பஃபர் (கார்டில் எழுதும்வரை படங்கள் காத்திருக்கும் கேமராவின் தற்காலிக இடம்) நிரம்பிக் கேமரா திணறும், அதையும் யோசியுங்கள்.

ஜன்னலோரம்:
மஞ்சளைக் குறைத்தால் நீலம் ஏறுகிறது என்றீர்களே, அங்கே ஜன்னல் இருந்ததா?

புதுகேமரா:
ஆமாம், இடதுபக்கம் பெரிய ஜன்னல், மேலே பழைய குண்டு பல்பு.

ஜன்னலோரம்:
அதுதான் விஷயம். ஒரே முகத்தில் இரண்டு வெளிச்சம். ரா-விலும் ஒரு வொயிட் பேலன்ஸை வைத்து இரண்டையும் சரிசெய்ய முடியாது, டார்க்டேபிளில் (ரா திருத்தும் சாஃப்ட்வேர், இலவசம்தான்) மாஸ்க் போட்டுப் பாதி முகத்தைத் தனியாகத் திருத்த வேண்டும். அந்த இழுவையை ரா தாங்கும், ஜேபெக் திட்டுத்திட்டாகிவிடும். அதைவிட, பெண்ணை ஜன்னல் பக்கம் நிறுத்திவிட்டுப் பல்பை அணைத்தால் வேலையே இல்லை. முகூர்த்தத்தில் அதெல்லாம் நடக்காது, அதனால் ரா பிளஸ் ஜேபெக் வையுங்கள். இரண்டும் சேர்ந்து 40 எம்பி என்றால் 64 ஜிபியில் சுமார் 1,500 படம் வரும். ஜேபெக்கை அன்று ராத்திரியே வாட்ஸப்பில் போட்டுவிடுங்கள், ரா-வில் நல்லதாக இருபது முப்பதை மட்டும் திருத்தினால் போதும்.

புதுகேமரா:
சரி, ஞாயிற்றுக்கிழமை அப்பா வேட்டியை ஜன்னலோரம் தொங்கவிட்டு இரண்டிலும் எடுத்துப் பார்க்கிறேன்.

வேகவண்டி:
இன்னொரு கார்டும் வாங்கிவிடுங்கள்.