செஸ்னா 172: டேக்-ஆஃபைக் கைவிட்ட பிறகும் ஓடுபாதையைத் தாண்டுவது ஏன்?

கேள்வி: 800 மீட்டர் ஓடுபாதை, 35 டிகிரி வெயில், நாலு பேர். செஸ்னா 172எஸ் சிறு விமானத்தில் எந்தப் புள்ளி வரை டேக்-ஆஃபைக் கைவிடலாம்?

பதில் 1: பாதி ஓடுபாதைக்குள், அதாவது 400 மீட்டருக்குள், மூக்கைத் தூக்கும் வேகத்தில் 70 சதவீதம் வந்திருக்க வேண்டும். அந்த வேகம் 55 நாட் (knot, மணிக்கு சுமார் 102 கி.மீ.) என்றால், 70 சதவீதம் சுமார் 39 நாட். வரலையா, அங்கேயே த்ராட்டிலை (எஞ்சின் விசைப் பிடியை) இழுங்க. 55-இல் இருக்கும் இயக்க ஆற்றல் 39-இல் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. பிரேக் அத்தனையையும் தின்றாகணும். தாமதமாக முடிவெடுப்பவர்கள் மாட்டுவது இங்கேதான்.

பதில் 2: வெயிலையும் கணக்கில் சேருங்க. கடல்மட்டத்தில் 35 டிகிரி என்றால் அடர்த்தி உயரம் ஏறக்குறைய 2,400 அடி; அதாவது காற்று அந்த உயரத்தில் இருப்பதுபோல மெல்லியதாக இருக்கும். மூக்கைத் தூக்கும்போது வேகமானி அதே 55 காட்டும், தரையில் ஓடும் வேகம் அதைவிடக் கூடுதல். ஈரப் புல்தரை என்றால் பிரேக்கை நம்பவே வேண்டாம்.

பதில் 3: கைவிடும்போது செய்ய வேண்டிய வரிசை: த்ராட்டில் ஐடில் (குறைந்தபட்ச விசை), பிரேக், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) மேலே, யோக் (கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுச் சக்கரம்) பின்னால். ஃபிளாப் ஏறினால்தான் எடை சக்கரத்தில் இறங்கும். பிரேக்கை ஒரேயடியாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு டயர் தேயும், வெடிக்கவும் செய்யும். ஓடுபாதையைத் தாண்டப்போவது உறுதியானால் மிக்ஸ்சர் கட்-ஆஃப் (எரிபொருளை நிறுத்துவது), மேக்னெட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி தருவது) ஆஃப், மாஸ்டர் (மின்சார மெயின் சுவிட்ச்) ஆஃப்.

மேலே எழும்பும் நேரத்தில் கதவு திறந்துகொண்டால் பதறி இறக்காதீங்க. 172 திறந்த கதவோடும் பறக்கும். சுற்றி வந்து இறங்கலாம்.